முகம் ஒன்று, முதுகு முப்பது: ஜார்ஜியன் டெரஸ் வீடு என்றால் என்ன?

அத்தை மகள் வேலை கிடைத்து இங்கிலாந்துக்குப் போன புதிதில் ஃபோன் செய்து, "ஒரு டெரஸ் வீட்டுல குடியிருக்கோம்மா" என்றாள். அத்தையின் முகம் வாடிவிட்டது. "மொட்டை மாடியில ஷெட்டு போட்டா விட்டிருக்காங்க? குளிருமேடி!" என்றார். அவள் சிரித்துக்கொண்டே, "இது ஜார்ஜியன் டெரஸ்மா, இருநூத்தம்பது வருஷத்து வீடு" என்று விளக்கப் போக, பக்கத்தில் இருந்த மாமா, "ஜார்ஜியாவா? அது ரஷ்யா பக்கத்துல இல்ல இருக்கு?" என்று குறுக்கே நுழைந்துவிட்டார். அன்று அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டு சொல், இரண்டிலும் குழப்பம். மூன்றாவது குழப்பம் ஒன்றும் உண்டு. பிரிட்டனில் உள்ள இந்த வரிசை வீடுகளின் படத்தைப் பகிரும்போது, "பழைய அரண்மனை, இப்போது பிளாட்டாகப் பிரித்து விற்றுவிட்டார்கள்" என்று எழுதுகிறார்கள். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மை நேர்மாறானது. அவை ஒருநாளும் அரண்மனையாக இருந்ததில்லை. தனித்தனியாகக் கட்டிய வீடுகள், அரண்மனை போல முகத்தை மட்டும் சேர்த்துப் போட்டுக்கொண்டவை. அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெயர்ப் பஞ்சாயத்து

முதலில் டெரஸ். தமிழ்நாட்டில் டெரஸ் என்றால் மொட்டை மாடி. பிரிட்டனில் வீட்டைப் பற்றிப் பேசும்போது டெரஸ் என்பது தெருவோரமாக, நடுவில் சந்து விடாமல், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை. மலேசியத் தமிழர்களுக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் இதை விளக்கவே வேண்டாம். அங்கே 'டெரஸ் வீடு' அன்றாடம் புழங்கும் சொல்.

அடுத்து ஜார்ஜியன். இதற்கும் ஜார்ஜியா நாட்டுக்கும் சம்பந்தமில்லை. 1714 முதல் 1830 வரை பிரிட்டனை அடுத்தடுத்து ஆண்ட நான்கு அரசர்களுக்கும் ஜார்ஜ் என்றுதான் பெயர். அந்தக் காலத்துக் கட்டடங்களைப் பிற்காலத்தில் 'ஜார்ஜியன்' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். லண்டன், பாத், எடின்பரோ, டப்ளின் என்று பல நகரங்கள் வேகமாக வளர்ந்த காலம் அது. வசதியுள்ளவர்கள் கிராமத்துப் பண்ணை வீட்டைவிட்டு, வருடத்தில் சில மாதங்கள் நகரத்தில் வந்து தங்கினார்கள். அவர்களுக்காகக் கட்டியவையே இந்த நகர வீடுகள்.

ஒரே பைண்டிங் போட்ட புத்தகங்கள்

ஒரு புத்தக அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. நமக்குத் தெரிவது முதுகுப் பட்டை மட்டும். ஒவ்வொன்றும் அகலத்தில் கொஞ்சம், ஆழத்தில் நிறைய. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில் பைண்டிங் போட்டுவிட்டால்? தூரத்திலிருந்து ஒரே தொகுதி போலத் தெரியும். எடுத்துப் பிரித்தால் ஒன்றில் சமையல் குறிப்பு, அடுத்ததில் ஜோதிடம்.

டெரஸும் இப்படித்தான். தெருவைப் பார்த்த முன்சுவர்தான் அந்த பைண்டிங். அதை முகப்பு என்பார்கள். லண்டனில் ஒரு வீட்டின் முகப்பு சுமார் 20 அடி அகலம் இருக்கும், பெரிய வீடென்றால் இன்னும் சில அடி கூடும். வீடு அதைவிட அதிகமாகப் பின்னோக்கி ஓடும், அப்புறம் நான்கு ஐந்து தளங்கள் மேலே போகும். காரணம் எளிது: நிலத்துக்குக் காசு தெருவைப் பார்த்த பக்கத்தின் நீளத்தை வைத்துத்தான். தெருவைத் தொடும் அடி ஒவ்வொன்றும் விலை. அதனால் முன்னால் சிக்கனம், பின்னாலும் மேலேயும் தாராளம்.

அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் நிற்பது ஒரே சுவர். நம் பத்திரங்களில் 'பொதுச் சுவர்' என்று எழுதுகிறோமே, அதுவேதான். இங்கே அதற்கு வேலை அதிகம். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குப் பரவாமல் தடுக்க வேண்டும். குளிர்காயும் கணப்புகளின் புகைக்குழாய்கள் எல்லாம் அதற்குள்தான் ஏறிப் போக வேண்டும். ஒவ்வொரு கணப்புக்கும் தனிப் புகைவழி என்பதால், கூரைக்கு மேலே தெரியும் மண் குழாய்களை எண்ணினால் அந்த வீட்டில் எத்தனை கணப்பு இருந்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பக்கவாட்டில் சாயாமல் ஒன்றையொன்று தாங்குவதும் இந்தச் சுவர்களின் வேலைதான். அலமாரியில் நடுப் புத்தகத்தை உருவினால் என்ன ஆகும்? பக்கத்துப் புத்தகங்கள் சாயும். டெரஸில் ஒரு வீட்டை இடித்தால் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் பெரிய உத்தரங்களால் முட்டுக் கொடுத்த பிறகே வேலை நடக்கும்.

இதுவரை பார்த்தது: டெரஸ் என்பது பொதுச் சுவரால் ஒட்டிய, குறுகலான, ஆழமான வீடுகளின் வரிசை. ஜார்ஜியன் என்பது காலத்தின் பெயர். இனி அந்த ஒரே பைண்டிங் எப்படி வந்தது என்று பார்க்கலாம்.

பாத் நகரத்துப் பிறை

இங்கிலாந்தின் மேற்கே வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர் பாத். அங்கே ஒரு சரிவின் மேல் பெரிய புல்வெளியைப் பார்த்தபடி, பிறைநிலா போல வளைந்து நிற்கிறது ராயல் கிரெசன்ட். 1767-இல் ஆரம்பித்து ஏழெட்டு ஆண்டுகளில் முடிந்த வேலை. வடிவமைத்தவர் ஜான் வுட் என்ற கட்டடக் கலைஞர். அவருடைய அப்பாவும் கட்டடக் கலைஞர்; அவர் பெயரும் ஜான் வுட். அதனால் அப்பாவை மூத்தவர் என்றும் மகனை இளையவர் என்றும் எழுதுவது வழக்கம்.

மொத்தம் 30 வீடுகள். தேன் நிறக் கல். தரைத்தளம் அலங்காரமே இல்லாமல் வெறும் சுவராக இருக்கும். அதன்மேல் முதல் மாடியில் ஆரம்பித்து இரண்டாம் மாடி முடிய ஒரே வீச்சில் ஏறும் தூண்கள், சுவரோடு ஒட்டியவை, எண்ணிக்கையில் 114. தூண்களின் தலையில் இருபுறமும் சுருண்ட கொம்பு போன்ற வேலைப்பாடு. கிரேக்க மரபில் இதற்கு அயோனிக் என்று பெயர். வீட்டுக்கு வீடு எந்த வித்தியாசமும் காட்டாமல் இந்தத் தூண் வரிசை போய்க்கொண்டே இருக்கும். நட்டநடுவில் மட்டும் தூண்கள் இரட்டை இரட்டையாக நின்று, "இதுதான் மையம்" என்று சொல்லும். அரண்மனைக்கு உரிய இலக்கணம் இது. ஆனால் அந்த நடு வீட்டில் இருந்தவருக்கு அதனால் தனிப் பட்டம் ஒன்றும் கிடையாது. அவரும் 30 பேரில் ஒருவர். ஆரம்பத்தில் இது வெறும் கிரெசன்ட்தான். அரசரின் மகன் ஒருவர் வந்து தங்கிய பிறகே முன்னால் ராயல் ஒட்டிக்கொண்டது.

இப்போது சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போக வேண்டும். பொங்கல் நெருக்கத்தில் கையில் காசு குறைவாக இருந்தால் நாம் என்ன செய்வோம்? முன்பக்கத்துக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டு, கொல்லைப் பக்கத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். ராயல் கிரெசன்ட்டின் பின்பக்கம் அந்த மாதிரிதான். ஒரு கூரை மேலே, அடுத்தது இரண்டடி கீழே. ஒரு வீட்டில் மூன்று ஜன்னல், பக்கத்து வீட்டில் வேறு உயரத்தில் இரண்டு. ஒன்று பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும், இன்னொன்று உள்வாங்கியிருக்கும். முன்பக்கம் இழைத்துச் செதுக்கிய கல். பின்பக்கம் கையில் கிடைத்த அளவில் அடுக்கிய கரடுமுரடான கல். இந்த ஊர்க்காரர்களிடம் இதற்கு ஒரு கிண்டலே உண்டு: முன்னால் ஆன் ராணி, பின்னால் மேரி ஆன். மேரி ஆன் என்பது அந்தக் காலத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வரக்கூடிய பெயர்.

ஏன் இப்படி? ஜான் வுட் வடிவமைத்தது முகப்பை மட்டும்தான். வாங்க வந்தவர்கள் அந்த வளைந்த முகப்பில் தங்களுக்கு வேண்டிய அளவு நீளத்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் வீட்டை எப்படிக் கட்டுவது என்பது அவரவர் பாடு. தனக்குப் பிடித்த கட்டடக் கலைஞரை வைத்து, தன் குடும்பத்துக்கு ஏற்றபடி அறைகளைப் போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு வீடு போலத் தெரிவது சில இடங்களில் உண்மையில் ஒரே வீடாக இருக்கும். என்னைக் கேட்டால், ஜார்ஜியன் டெரஸைப் புரிந்துகொள்ள முன்பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்பதைவிடப் பின்தெருவில் பத்து நிமிடம் நடப்பது மேல். சுற்றுலாப் படங்களில் பின்பக்கம் வருவதில்லை, அதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம்.

இந்தத் தந்திரத்தை மகன் கண்டுபிடிக்கவில்லை. மூத்த ஜான் வுட் 1728-இல் இதே ஊரில் குவீன் சதுக்கத்தை ஆரம்பித்தார். அதன் வடக்குப் பக்கம் 7 வீடுகள், நடுவில் முக்கோண முகடு, பார்த்தால் ஒரே மாளிகை. அவர் நிலத்தைச் சொந்தமாக வாங்கவில்லை. குத்தகைக்கு எடுத்து, முகப்பை வரைந்து, மனை மனையாக வேறு ஆட்களுக்கு உள்குத்தகைக்கு விட்டார். நிபந்தனை ஒன்றுதான்: முகப்பு நான் சொன்னபடி, உள்ளே உங்கள் இஷ்டப்படி.

வருடத்துக்கு ஒரு மிளகு

இந்தக் குத்தகையைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கோயில் அடிமனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களைத் தெரியுமல்லவா? வீடு நம்முடையது, அடியிலுள்ள நிலம் கோயிலுடையது, வருடா வருடம் நில வாடகை கட்ட வேண்டும். ஜார்ஜியன் டெரஸ்கள் பலவற்றை இந்த மாதிரி அடிமனையில்தான் கட்டினார்கள். கோயிலின் இடத்தில் பெரிய நிலப்பிரபுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பங்களிடம் நகர ஓரத்தில் நிலம் ஏராளமாக இருந்தது. ஆனால் பரம்பரைச் சொத்து என்பதால் விற்க முடியாதபடி பல குடும்பங்களில் ஏற்பாடு. விற்காமல் காசு பார்க்க என்ன வழி? தெருக்களைத் திட்டமிட்டு, மனைகளாகப் பிரித்து, கட்டுபவர்களிடம் நீண்ட குத்தகைக்கு விடுவது. இதற்குக் கட்டடக் குத்தகை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். 99 ஆண்டுகள் பரவலான கணக்கு. காலம் முடிந்ததும் மனையோடு சேர்த்து வீடும் நிலக்காரருக்கே திரும்பிவிடும். கைக்காசு போடாமல் பேரனுக்கு ஒரு தெருவே கிடைக்கும்!

கட்டுபவர் நிலை வேறு. அவர் பெரும்பாலும் கொத்தனாரோ தச்சரோ, சிறிய முதலாளி. கட்டி முடித்து ஆள் பிடிக்கும்வரை வருமானம் கிடையாது. அதனால் முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு வாடகை 'ஒரு மிளகு' என்று பத்திரத்தில் எழுதுவார்கள். ஆமாம், சாம்பாரில் போடாத, ரசத்தில் போடுகிற அதே மிளகு. சும்மா கொடுத்தால் ஒப்பந்தம் சட்டப்படி நிற்காது, அதற்காகப் பெயருக்கு ஒன்று. நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன சரக்கு அங்கே சட்டச் சொல்லாகவே ஆகிவிட்டது. 'மிளகு வாடகை' என்றால் இன்றும் பெயரளவு வாடகை என்றுதான் பொருள்.

மிளகுக் காலம் முடிவதற்குள் கட்டியவர் வீட்டைக் கைமாற்றிவிட வேண்டும். ஆகவே சுவர், கூரை, தளம் மட்டும் போட்ட எலும்புக்கூடாக வீட்டை எழுப்பிவிட்டு, குத்தகை உரிமையை விற்றுவிடுவார். உள்வேலையை வாங்கியவர் பார்த்துக்கொள்வார். காசு கையில் இல்லாததால் இன்னொரு வழியும் இருந்தது: கொத்தனார் ஒரு மனையும் தச்சர் பக்கத்து மனையும் எடுத்துக்கொண்டு, இவர் அவருக்குச் சுவர் கட்டிக் கொடுப்பார், அவர் இவருக்குக் கதவும் படிக்கட்டும் செய்து கொடுப்பார்.

இத்தனை பேர் கை வைத்தும் வரிசை குலையாமல் இருந்ததற்குக் காரணம் நிலக்காரரின் பத்திரம். முகப்பு ஒழுங்காக இருந்தால்தான் நல்ல குடித்தனக்காரர்கள் வருவார்கள், மனை மதிப்பு ஏறும். லண்டன் பெட்ஃபோர்டு சதுக்கம் இதற்கு நல்ல உதாரணம். 1775-க்கும் 1783-க்கும் இடையில், பெட்ஃபோர்டு கோமான் குடும்பத்து நிலத்தில் குத்தகைக்குக் கட்டியது. நான்கு பக்கமும் செங்கல் வீடுகள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுப்பகுதி மட்டும் வெள்ளைக் காரை பூசி முக்கோண முகடு வைத்தது. நான்கு பக்கமும் இன்றும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

ஆக, ஒரே முகம் வந்தது ஒரே முதலாளி கட்டியதால் அல்ல. பலர் கட்டினார்கள், ஒரு பத்திரம் அவர்களை வரிசையில் நிறுத்தியது.

நெருப்பு எழுதிய சட்டம்

பத்திரத்தோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. 1666 செப்டம்பரில் லண்டனில் பிடித்த பெருந்தீ 13,000-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. அதுவரை மரச்சட்ட வீடுகள்தான் அதிகம். அடுத்த ஆண்டே வந்த சட்டம், செங்கல்லோ கல்லோதான் என்றது. அதன்பின் நெருப்புக்குப் பயந்து ஒவ்வொன்றாக விதிகள். 1707-இல், கூரை ஓரத்து மரக் கொடுங்கைக்குத் தடை. முன்சுவரைக் கூரைக்கு மேலும் உயர்த்திக் கைப்பிடிச் சுவராக முடிக்க வேண்டும் என்றானது. அதனால்தான் இந்த வீடுகளின் கூரை தெருவிலிருந்து பளிச்சென்று கண்ணில் படுவதில்லை. பல லண்டன் வீடுகளில் கூரை நடுவில் பள்ளமாக, விரித்து வைத்த புத்தகம் போல இருக்கும். மழைநீர் அந்தப் பள்ளத்தில் ஓடிப் பின்பக்கம் இறங்கும். கைப்பிடிச் சுவர் அதை மறைத்து, மேல் விளிம்பை நேர்கோடாகக் காட்டுகிறது. அழகுக்காகச் செய்தது என்று நாம் நினைப்பதில் பாதி தீயணைப்பு விதி.

1709-இல் இன்னொன்று: ஜன்னல் மரச்சட்டம் சுவரின் வெளிமுகத்தோடு ஒட்டி நிற்கக் கூடாது, 4 அங்குலமாவது உள்ளே தள்ளி வைக்க வேண்டும். இந்த விதிகள் லண்டனுக்குத்தான். மற்ற ஊர்கள் மெதுவாகப் பார்த்துப் பழகிக்கொண்டன.

1774-இல் வந்த கட்டடச் சட்டம்தான் பெரியது. அது வீடுகளை மதிப்பையும் பரப்பையும் வைத்து நான்கு தரமாகப் பிரித்தது. 850 பவுண்டுக்கு மேல் மதிப்பு, தரைப்பரப்பு 9 'சதுரத்துக்கு' மேல் இருந்தால் முதல் தரம். 150 பவுண்டுக்குக் கீழே, மூன்றரைச் சதுரத்துக்குள் இருந்தால் நான்காம் தரம். சதுரம் என்றால் 100 சதுர அடி. நம்மூர் கொத்தனார்கள் "எத்தனை சதுரம் கட்டுறீங்க?" என்று இன்றும் கேட்கிறார்களே, அதே அளவு. தரத்துக்குத் தக்கபடி சுவர்கள் எத்தனை செங்கல் கனம் இருக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் சொன்னது. கட்டுபவருக்கு இது ஒரு வகையில் நிம்மதி. யோசிக்க வேண்டியதில்லை, மூன்றாம் தர வீடு என்றால் இப்படித்தான் என்று கைக்குப் பழகிவிடும். லண்டனில் தெருத்தெருவாக ஒரே மாதிரி வீடுகள் இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

தூண் இல்லாத தூண்

சரி, பெட்ஃபோர்டு சதுக்கத்தின் பெரும்பாலான வீடுகளில் தூண்களே இல்லையே, வெறும் செங்கல் சுவரும் ஜன்னலும்தானே, அதுவும் ஏன் கம்பீரமாகத் தெரிகிறது?

16-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் மேல் ஜார்ஜியன் காலத்தவர்களுக்குப் பெரிய மோகம். பழைய ரோமானியக் கட்டடங்களை அளந்து, அந்தக் கணக்கைத் தன் மாளிகைகளில் போட்டவர் அவர். பீடம், அதன்மேல் தூண், அதன்மேல் உத்தரம் என்பது அடிப்படை. ராயல் கிரெசன்ட்டில் இது வெளிப்படையாகவே தெரியும்: தரைத்தளம் பீடம், இரண்டு மாடி உயரத்துக்குத் தூண். சாதாரண டெரஸில் தூணை எடுத்துவிட்டார்கள், கணக்கை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அந்தக் கணக்கு ஜன்னல்களில் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஜன்னல்களின் அகலம் பெரும்பாலும் மாறாது. உயரம் மாறும். முதல் மாடி ஜன்னல்தான் எல்லாவற்றிலும் உயரம், அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு மேல் மாடியில் குறையும். உச்சியில் கிட்டத்தட்ட சதுரமாகிவிடும். கண் தானாக முதல் மாடிக்குப் போகும், பிறகு மெல்ல மேலே ஏறும். தூண் நின்றிருந்தால் என்ன செய்யுமோ அதை ஜன்னல்கள் செய்கின்றன.

முதல் மாடிக்கு ஏன் இந்த மரியாதை? விருந்தினர் கூடும் பெரிய அறை அங்கேதான். இத்தாலிய மொழியில் இதற்கு பியானோ நோபிலே, அதாவது மேன்மையான தளம் என்று பெயர். தெருப் புழுதிக்கும் சத்தத்துக்கும் மேலே, வெளிச்சம் நன்றாக வரும் இடம். ஜன்னல்களை மட்டும் பார்த்தே யார் எந்தத் தளத்தில் இருந்தார்கள் என்று சொல்லலாம். உச்சியில் சின்ன ஜன்னல் என்றால் வேலைக்காரர்கள், சில வீடுகளில் குழந்தைகளும்.

கேக் வெட்டுவது போல

இந்த வீட்டை மேலிருந்து கீழே ஒரே வெட்டாக வெட்டினால் உள்ளே என்ன?

அடியில், தெரு மட்டத்துக்குக் கீழே சமையலறை. இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தளம் முழுக்கப் பூமிக்குள் தோண்டியது என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம்தான் தோண்டுவார்கள், தோண்டிய மண்ணை முன்னால் கொட்டித் தெருவை மேலே உயர்த்திவிடுவார்கள். வீடு கீழே இறங்கியது பாதி, தெரு மேலே ஏறியது பாதி. பின்பக்கத் தோட்டம் தெருவைவிடத் தாழ்வாக இருப்பது இதனால்தான். அதுதான் நிலத்தின் பழைய மட்டம்.

உயர்த்திய தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு அகழி போன்ற திறந்த பள்ளம், இரும்புக் கம்பி வேலியோடு. சமையலறைக்கு வெளிச்சமும் காற்றும் அதன் வழியாக. நடைபாதைக்கு அடியில் வளைவுக் கூரை போட்ட அறைகள், நிலக்கரி வைக்க. நடைபாதையில் வட்டமான சின்ன இரும்பு மூடிகளை இன்றும் பார்க்கலாம். கரி வண்டிக்காரர் மூடியைத் திறந்து மூட்டையை அப்படியே கவிழ்ப்பார். அழுக்குக் கரி வீட்டு வாசலை மிதிக்காமலே உள்ளே போய்விடும்.

தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை, முதல் மாடியில் வரவேற்பறை, அதற்கு மேலே படுக்கையறைகள். ஒவ்வொரு தளத்திலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அறைகள், பக்கத்தில் படிக்கட்டு. அவ்வளவுதான். கரியும் தண்ணீரும் சாப்பாடும் மேலே போவதும் சாம்பலும் எச்சில் பாத்திரமும் கீழே வருவதும் யாரோ ஒரு பெண்ணின் முழங்கால் புண்ணியத்தில் நடந்தது. முகப்பின் அழகைப் பேசும்போது இந்தப் படிகளையும் எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

பக்கச் சுவர் இரண்டும் பொதுச் சுவர், அதில் ஜன்னல் கிடையாது. வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான். நடுவிலுள்ள நடை இருட்டாகிவிடும். வாசற்கதவுக்கு மேலே விசிறி போல விரிந்த கண்ணாடி வைத்தது அதற்காகத்தான். படம் எடுப்பவர்களுக்கு அது அலங்காரம், வீட்டுக்காரருக்கு அது விளக்கு.

ஜன்னலுக்குள் ஒரு கிணற்று ராட்டினம்

நம் ஜன்னல் கதவு போலத் திறக்கும். இவர்களுடையது மேலும் கீழும் வழுக்கும். இரண்டு கண்ணாடிச் சட்டங்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. இதற்கு சாஷ் ஜன்னல் என்று பெயர். கனமான சட்டத்தை ஒரு விரலால் தள்ளினால் ஏறுகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. எப்படி?

கிணற்று ராட்டினத்தில் இரண்டு முனையிலும் வாளி கட்டி இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். சாஷ் ஜன்னலின் இரு பக்கத்து மர நிலையும் உள்ளே பொள்ளலான பெட்டி. சட்டத்தில் கட்டிய கயிறு மேலே ஒரு சின்னக் கப்பியின் மேல் ஏறி, பெட்டிக்குள் இறங்கி, ஓர் இரும்பு அல்லது ஈயக் குண்டில் முடியும். குண்டுகளின் எடையும் சட்டத்தின் எடையும் ஏறக்குறைய சமம். ஏறக்குறைய என்றதில் சூட்சுமம் இருக்கிறது: மேல் சட்டத்துக்குக் குண்டுகள் துளி கனமாக இருக்கும், அப்போதுதான் அது நழுவாமல் மேலேயே அழுந்தி நிற்கும். கீழ்ச் சட்டத்துக்குத் துளி லேசாக இருக்கும், அது கீழேயே அமர்ந்திருக்கும். இன்று கயிறு அறுந்தால், பெட்டிக்குள் குண்டு தடாலென்று விழும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும்.

அத்தனை சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் ஏன்? அந்தக் காலத்துக் கண்ணாடியை ஊதிச் சுழற்றி வட்டத் தட்டாக விரித்து, அதிலிருந்து வெட்டியெடுத்தார்கள். பெரிய துண்டு கிடைக்காது. போதாததற்கு 1746 முதல் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி. அதனால் மெல்லிசாகவே செய்தார்கள். பழைய கண்ணாடி தப்பியிருக்கும் ஜன்னலில் எதிர்வீட்டின் பிம்பம் தண்ணீரில் தெரிவது போல லேசாக நெளியும்.

வரி என்றதும் எல்லோரும் சொல்லும் ஒரு கதைக்கு வருகிறேன். 1696 முதல் 1851 வரை ஜன்னல்களின் எண்ணிக்கைக்கு வரி இருந்தது உண்மை. வரிக்குப் பயந்து சிலர் ஜன்னலை அடைத்ததும் உண்மை. ஆனால் அடைபட்ட ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் "வரிக்காக அடைத்தது" என்று சொல்வது தப்பு. பல இடங்களில் அது ஆரம்பத்திலிருந்தே பொய் ஜன்னல். உள்ளே புகைக்குழாயோ சுவரோ இருக்கும், ஜன்னல் வைக்க முடியாது, முகப்பின் கணக்கு கெடக் கூடாது என்று வெளியே பள்ளம் மட்டும் விட்டிருப்பார்கள். அடைப்பின் செங்கல் சுற்றுச் சுவரோடு பின்னிப் போயிருந்தால் அது பிறவியிலேயே பொய். சேரும் இடத்தில் நேரான வெட்டுக்கோடு தெரிந்தால் பின்னால் அடைத்தது.

கல்லும் செங்கலும் சொல்லாதவை

கடைசியாக ஒரு நம்பிக்கையை உடைக்க வேண்டும்: "அந்தக் காலத்துக் கட்டடம், பாறை மாதிரி இருக்கும்." கட்டியவருக்கு 99 ஆண்டு நின்றால் போதும் என்பதை மறந்துவிடக் கூடாது. லண்டன் முகப்புகளில் வெளியே தெரியும் நல்ல செங்கல் ஒரு தோல்தான், உள்ளே மலிவான செங்கல். குறுக்குவாக்கில் உள்ளே நுழைந்து இரண்டையும் பிணைக்க வேண்டிய நல்ல செங்கல்லைச் சிக்கனத்துக்காகப் பாதியாக உடைத்து, முகம் மட்டும் தெரிய வைத்த இடங்கள் ஏராளம். முகப்பும் பொதுச் சுவரும் சேரும் மூலையிலும் பிணைப்பு சரியில்லாத வீடுகள் உண்டு. சில முகப்புகள் நாளடைவில் வயிறு தள்ளி நிற்கும். சுவரில் வட்டமான இரும்புத் தட்டு தெரிந்தால், பின்னால் ஒரு கம்பி வீட்டுக்குள் ஓடி அதை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ராயல் கிரெசன்ட்டும் அடி வாங்கியது. 1942-இல் ஜெர்மன் விமானங்கள் பாத் நகரத்தின்மேல் குண்டு போட்டபோது இங்கே சில வீடுகளின் உள்பக்கம் எரிந்துபோனது. பிற்பாடு திருப்பிக் கட்டினார்கள். முன்னால் நின்று பார்த்தால் எந்த வீடு என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

இன்று 1-ஆம் எண் வீடு அருங்காட்சியகம். நடுவில் இருப்பது ஹோட்டல். மற்றவற்றில் சில முழு வீடாகவும் பல பிளாட்டுகளாகவும் இருக்கின்றன. 1970-களில் 22-ஆம் எண் வீட்டுக்காரர் தன் வாசற்கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டார். வரிசையில் எல்லாக் கதவும் வெள்ளை. நகராட்சி நோட்டீஸ் அனுப்பியது, வெள்ளைக்கு மாற்றச் சொன்னது. அந்த அம்மாள் மாற்றவில்லை, எதிர்த்து முறையிட்டார். விசாரணை நடந்து அவர் பக்கம் தீர்ப்பானது. 114 தூண்களுக்குக் கீழே, மற்றக் கதவுகளுக்கு நடுவில், அந்தக் கதவு மஞ்சளாகவே நின்றது.